கடைசிக் கால் சுற்று

போல்ட் அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. சிங்காநல்லூரில் எங்கள் வீட்டு வாசலில், காருக்கு அடியில் பழைய பாயை விரித்து மல்லாந்து படுத்திருந்தேன். முகத்துக்கு ஒரு முழம் மேலே எஞ்சின் எண்ணெய் தேங்கும் ஆயில் சேம்பர், அதன் அடிவயிற்றில் ஒற்றைப் போல்ட். அதைக் கழற்றினால் பழைய எண்ணெய் இறங்கிவிடும், போல்ட்டைத் திரும்ப மாட்டிப் புதிய எண்ணெயை ஊற்றலாம். இவ்வளவுதான் வேலை என்று நினைத்துத்தான் உள்ளே போனேன். ரிங் ஸ்பேனரை மாட்டி இழுத்தேன், நழுவியது. மறுபடி இழுத்தேன், மறுபடியும் நழுவியது. மகன் டார்ச்சைக் கிட்டே கொண்டுவந்தான். அந்த வெளிச்சத்தில் பார்த்தால், போல்ட் தலையின் ஆறு மூலைகளில் நான்கு மழுங்கிக் கிடந்தன. எனக்கு முன்னால் இந்த வண்டிக்கு எண்ணெய் மாற்றிய யாரோ ஒருவர் தன் முழு பலத்தையும் அந்த ஒரு போல்ட்டின் மேல் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

கோபம் வந்தது. அந்த வேலைக்கு நான் காசு கொடுத்திருக்கிறேன். பட்டறையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்து, காபி கொடுத்து, வண்டியைத் துடைத்துப் பளபளப்பாக்கி அனுப்பினார்கள். பளபளப்பு என் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்தது. மழுங்கிய போல்ட் தெரியாத இடத்தில் இருந்தது.

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. பதினொன்றாம் வகுப்புக்குப் பாகுநிலைப் பாடம், அதாவது திரவங்கள் ஓட்டத்தை எதிர்க்கும் தன்மையைப் பற்றிய பாடம், எடுக்கத் தொடங்கிப் பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. ரெனால்டு எண், ஸ்டோக்ஸ் விதி, முற்றுத் திசைவேகம் எல்லாவற்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். போன மாதம் பின்வரிசையில் இருந்து ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், கார் எண்ணெய் டப்பாவில் 5டபிள்யூ-30 என்று போட்டிருக்கிறதே, அது பாகியல் எண்ணா?" என்று கேட்டாள். அவள் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். பதில் சொன்னேன். சொல்லி முடித்தபோது, பத்து ஆண்டுகளாக ஓட்டுகிற என் சொந்தக் காரின் எண்ணெயை ஒரு முறைகூட விரலால் தொட்டுப் பார்த்ததில்லை என்பது உறைத்தது. அன்று மாலையே பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் உதிரிபாகக் கடைக்குப் போய் எண்ணெய், ஃபில்டர், போல்ட்டுக்கு ஒரு புது வாஷர் மூன்றையும் வாங்கிவிட்டேன்.

அவளுக்குச் சொன்ன பதிலை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். அந்த எண் பாகுநிலையின் நேரடி அளவான பாகியல் எண்ணைக் குறிக்கவில்லை, எண்ணெய் எந்தப் பாகுநிலை வகையைச் சேர்ந்தது என்பதைக் குறிக்கிறது. டபிள்யூ என்பது குளிர்காலத்துக்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னால் இருக்கும் எண், எண்ணெய் குளிரில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைச் சொல்கிறது. எண் குறையக் குறைய ஓட்டம் எளிது. பின்னால் வரும் 30, எஞ்சின் சூடேறி எண்ணெய் 100 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கானது. கோவையில் பனி பெய்யாதே, குளிர்கால எண் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். மார்கழிக் காலையில் 20 டிகிரி என்றாலும், 100 டிகிரியோடு ஒப்பிட்டால் எண்ணெய்க்கு அது கடுங்குளிர்தான். இரவு முழுக்க நின்ற வண்டியில் எண்ணெய் எல்லாம் சேம்பருக்கு இறங்கிக் கிடக்கும். சாவியைத் திருப்பிய கணத்தில் அது மேலே ஏறி ஒவ்வொரு மூட்டுக்கும் போய்ச் சேர வேண்டும். அந்தச் சில வினாடிகளில் சட்டென்று ஓடுகிற எண்ணெய் வேண்டும்.

போல்ட்டுக்கு வருகிறேன். எதிர்வீட்டு மாமா ஒரு பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஆலை இன்று இல்லை. வாசலில் கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் முதலில் போல்ட்டைப் பார்க்கவில்லை, வண்டி எதன் மேல் நிற்கிறது என்று பார்த்தார். ஜாக்கில் தூக்கி, இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்ட் கொடுத்து, பின் சக்கரங்களுக்குக் கல் அடை வைத்திருந்தேன். அது போதாது என்றார். டிக்கியிலிருந்து ஸ்டெப்னியை எடுத்துவரச் சொல்லி, என் தோளுக்குப் பக்கத்தில் வண்டியின் ஓரத்துக்கு அடியில் படுக்கவைத்தார். "ஸ்டாண்டு சறுக்கினால் வண்டி இதன் மேல் உட்காரட்டும் அம்மிணி, உன் மேல் வேண்டாம்." இதைப் படித்துவிட்டு யாராவது முதன்முறையாக வண்டிக்கு அடியில் போவதாக இருந்தால், மற்ற எதையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஜாக் தூக்குவதற்கு மட்டும்தான். வெறும் ஜாக்கை நம்பி உடம்பில் ஒரு விரலைக்கூட உள்ளே விடக் கூடாது.

அதற்குப் பிறகுதான் என் ஸ்பேனரை வாங்கிப் பார்த்தார். பன்னிரண்டு முனை ரிங். அது போல்ட் தலையின் மூலைகளைத்தான் பிடிக்கும், மூலையே போன பின் எதைப் பிடிக்கும்? தன் வீட்டிலிருந்து ஆறு முனைச் சாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்தார். அது பட்டைகளைப் பிடிக்கும். சுத்தியலால் மெல்லத் தட்டி அதை ஏற்றினார். கைப்பிடியின் மேல் ஒரு முழ நீள ஜிஐ குழாயைச் செருகினார். நெம்புகோலின் நீளம் கூடினால் அதே விசைக்குத் திருப்பு விசை கூடும் என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன். குழாயின் நுனியைப் பிடித்து இழுத்தேன். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். அந்த அதிர்வு குழாய் வழியாக வந்து என் முழங்கையில் முடிந்தது.

மீதியை விரலாலேயே சுற்றிக் கழற்றலாம். கையுறையோடு, போல்ட்டை மேல் நோக்கி அழுத்தியபடி சுற்ற வேண்டும். கடைசி மரை விடுகிற நொடியில் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ள வேண்டும். இழுத்தேன். எண்ணெய் நேராகக் கீழே விழும் என்று எதிர்பார்த்திருந்தேன். அது சாய்ந்து ஒரு வில்லைப் போலப் பாய்ந்தது. பேசினின் விளிம்பைத் தாண்டப் பார்த்தது, மகன் பேசினை ஒரு சாண் நகர்த்தினான். கட்டை விரல் தடிமனில் கரிய தாரை. அதன் நடுவில் காலை வெயில் பட்ட இடம் மட்டும் கருப்பட்டிப் பாகின் நிறத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் தாரை மெலிந்து நூலாயிற்று. நூல் அறுந்து சொட்டாயிற்று. கடைசிச் சொட்டுகளுக்கு இடையே ஐந்து ஆறு என்று எண்ண முடிந்தது. பதினேழு ஆண்டுகளாகப் பாகுநிலை என்று நான் எழுதிப்போட்டது இதைத்தான்.

தொடங்குவதற்கு முன் வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, அரை மணி நேரம் ஆறவிட்டிருந்தேன். குளிர்ந்த எண்ணெய் பிசுபிசுத்து உள்ளேயே தங்கிவிடும். கொதிக்கும் எண்ணெய் கையைப் பொசுக்கிவிடும். வெதுவெதுப்பாக இருக்கும்போது இறக்கினால் தன்னோடு அழுக்கையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். நிறம் கருப்பாக இருக்கிறதே என்று பயப்படத் தேவையில்லை. எண்ணெயில் கலந்திருக்கும் அழுக்கு நீக்கிகள், எரிபொருள் எரிந்த கரியைத் துகள் துகளாகப் பிடித்து, எங்கும் படியவிடாமல் தூக்கிச் சுமக்கின்றன. கறுத்த எண்ணெய் என்றால் அது தன் வேலையைச் செய்திருக்கிறது என்று பொருள். ஆனால் சுமப்பதற்கும் ஓர் அளவு உண்டு. என் வண்டிக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முன்னால் வருகிறதோ அது.

எண்ணெய் வடிகிற நேரத்தில் மாமா திண்ணையில் உட்கார்ந்து ஆலையைப் பற்றிப் பேசினார். ஸ்பிண்டில்களுக்கு எண்ணெய் விடுவது, பேரிங் கெடப்போவதை முன்கூட்டியே கண்டுபிடிப்பது. ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஓடுகிற இயந்திரத்தின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொள்வார்களாம். நல்ல பேரிங் தேன்கூட்டைப் போல ஒரே சுருதியில் இரையும், எண்ணெய் வற்றிய பேரிங் மணலைக் கொறிக்கும் என்றார். ஒரு வரிசை முழுவதையும் அப்படிக் கேட்டுக்கொண்டே நடந்துபோய், நாளைக்கு நிற்கப்போகிற இயந்திரத்தைச் சொல்லிவிடுவாராம்.

பதிலுக்கு நான் அவருக்கு ஒரு கதை சொன்னேன். எனக்கு மிகவும் பிடித்த கதை, வகுப்பில் சொல்ல நேரமே கிடைக்காதது. 1883-ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் தாங்கிகளில், அதாவது பேரிங்குகளில், உராய்வை அளந்துகொண்டிருந்தார். அச்சின் அடிப்பக்கம் எண்ணெயில் நனைந்தபடி சுழன்றுகொண்டிருந்தது. எண்ணெய்க் கிண்ணம் பொருத்துவதற்காகத் தாங்கியின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும் துளையின் வழியாக எண்ணெய் மேலே எழும்பி வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கையைத் தள்ளிவிட்டது. மரக்கட்டையால் அடைத்தார், அதையும் தள்ளிவிட்டது. பிறகு அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. சுழலும் அச்சு எண்ணெயைத் தானே இழுத்துக் குறுகலான இடைவெளிக்குள் திணிக்கிறது. அங்கே எழும் அழுத்தம், மேலே உட்கார்ந்திருக்கும் பாரம் முழுவதையும் தூக்கிப் பிடிக்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. இடையில் எண்ணெய்ப் படலம் ஒன்று மிதக்கிறது. ஏன் அப்படி என்ற கணக்கை 1886-இல் எழுதி வெளியிட்டவர் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ். எங்கள் பாடநூலின் ரெனால்டு எண்ணுக்குப் பெயர் கொடுத்த அதே மனிதர்.

காரின் உள்ளேயும் நடப்பது இதுதான். பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றி, நிமிடத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் சுற்றுகள் சுழலும் கிராங்க் தண்டு, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கோவையிலிருந்து ஊருக்குப் போய்த் திரும்பிய ஒவ்வொரு முறையும் என் குடும்பத்தை அந்தப் படலம் சுமந்திருக்கிறது. மாமா முழுவதையும் கேட்டுவிட்டு, "மரக்கட்டையையே தள்ளிவிட்டதா?" என்று மறுபடி கேட்டார். அவருக்கு அந்த இடம்தான் பிடித்திருந்தது. எனக்கும் அதுதான்.

ஃபில்டர் ஒரு டம்ளர் அளவு இருக்கும். கையால் திருகினாலே கழன்றது, ஆனால் கழன்றதும் அதற்குள் தேங்கியிருந்த எண்ணெய் மணிக்கட்டு வழியாக முழங்கைவரை ஓடியது. தோளில் போட்டிருந்த பனியன் வேஸ்ட்டால் துடைத்துக்கொண்டேன். திருப்பூர் பக்கத்தில் இருப்பதன் வசதி, இந்த வேலைக்கு அதைவிட நல்ல துணி கிடையாது. இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் அதோடு வந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். சில சமயம் அது எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். தெரியாமல் அதன் மேல் புதியதை மாட்டினால் இரண்டு வளையங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக உட்காரும், வண்டி ஓடும்போது பிதுங்கும், எண்ணெய் முழுவதும் சாலையில் போய்விடும். என்னுடையது சுத்தமாக வந்திருந்தது. இருந்தாலும் எஞ்சினில் வளையம் உட்காரும் பரப்பை விரலால் ஒரு முழுச் சுற்றுத் தடவிப் பார்த்தேன். புது வளையத்தின் மேல் புது எண்ணெயை விரலால் பூசி, ஃபில்டரைத் திருகி, வளையம் பரப்பைத் தொட்ட பிறகு முக்கால் சுற்று. கையேடு அப்படித்தான் சொல்கிறது.

பிறகு அந்தப் போல்ட். பழையதை மாற்ற வேண்டும் என்று மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மகனைச் சைக்கிளில் கடைக்கு அனுப்பிப் புதியது ஒன்று வாங்கிவந்தோம். புது வாஷரைப் போட்டு, முதல் ஐந்தாறு சுற்றுகளை விரலாலேயே ஏற்றினேன். மரை கோணலாகப் பிடித்திருந்தால் விரலுக்கு உடனே தெரிந்துவிடும், ஸ்பேனருக்குத் தெரியாது. இறுக்க வேண்டிய அளவு 35 நியூட்டன் மீட்டர் என்று கையேட்டில் இருந்தது. மனக்கணக்குப் போட்டேன். 20 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் 175 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 18 கிலோ எடையைத் தொங்கவிட்டது போல. சரி, 18 கிலோ என்றால் கைக்கு எவ்வளவு? படுத்துக்கொண்டு மேல்நோக்கி இழுக்கிற கைக்கு அது எப்படித் தெரியும்? அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

மாமா உள்ளே குனிந்து என் கையின் மேல் தன் கையை வைத்தார். வாஷர் நசுங்கும்வரை ஸ்பேனர் வெண்ணெயில் போவது போலப் போகும், பிறகு ஓர் இடத்தில் எதிர்க்கும், அங்கிருந்து கால் சுற்றுகூட வராது என்றார். எதிர்ப்பு வந்தது. நான் இன்னும் கொஞ்சம் என்று நினைத்த நேரத்தில் அவர் கை என் கையை நிறுத்தியது. "போதும் அம்மிணி. இதற்கு மேல் போனால் போல்ட்டு இறுகாது, மரைதான் நீளும்." எனக்கு நம்பிக்கை வரவில்லை. இவ்வளவுதானா, ஓடும்போது கழன்றுவிடாதா என்று பயமாக இருந்தது. இந்தப் பயம்தான் அந்தப் பட்டறைப் பையனுக்கும் வந்திருக்க வேண்டும். அந்தக் கடைசிக் கால் சுற்றில் நிற்கச் சொல்லி அவன் கையின் மேல் கை வைக்க அங்கே யாரும் இருந்திருக்க மாட்டார்கள். காலையில் வந்த கோபம் அப்போது அவன் மேல் இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று அவனை ஓட விடுகிறவர்கள் மேல் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

வண்டியை இறக்கிச் சமதளத்தில் நிறுத்தி, புனல் வைத்து மூன்று லிட்டர் ஊற்றினேன். அதற்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக, அளவுக் கம்பியை உருவி உருவிப் பார்த்தபடி. புது எண்ணெய் கம்பியில் ஒட்டியிருப்பதே கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவு தெளிவு. வெயிலில் சாய்த்துப் பிடித்துத்தான் கோட்டைக் கண்டுபிடித்தேன். எஞ்சினை முடுக்கியதும் எண்ணெய் அழுத்தத்தின் சிவப்பு விளக்கு எரிந்தது. மூன்று வினாடி இருக்கும், எனக்கு மூன்று நிமிடம் போல இருந்தது. அணைந்தது. மாமா ஒரு ஸ்க்ரூ டிரைவரை நீட்டினார். அது சுழலும் பெல்ட்டின் பக்கம் போகாதபடி தள்ளி நின்று, எஞ்சினின் மேல் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்தினேன். உள்ளே தேன்கூடு இரைந்தது.

பழைய எண்ணெய் பேசினில் நிற்கிறது. வேலையில் பாதிதான் முடிந்திருந்தது, மீதிப் பாதி இதுதான் என்பேன். எங்கள் தெருவில் சிலர் அதைச் சாக்கடையில் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். கறையான் வராது என்று வேலிக்கால்களுக்குப் பூசுகிறார்கள், கான்கிரீட் ஒட்டாமல் இருக்கச் சென்ட்ரிங் பலகைக்குத் தடவுகிறார்கள். வீண் போகாமல் பயன்படுத்துகிறோம் என்றுதான் அவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் மழை வந்தால் எல்லாம் மண்ணுக்கும் தண்ணீருக்கும்தான் போகும். எங்கள் தெருவின் தண்ணீர் சரிந்து போகும் திசையில் சிங்காநல்லூர் குளம் இருக்கிறது. அதற்கப்பால் நொய்யல். காலையில் நீர்க்காகங்களும் நாரைகளும் உட்காருகிற குளம் அது. ஏற்கெனவே அது சுமக்கிற கழிவு கொஞ்சமில்லை. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் பயன்படுத்திய எண்ணெயையும் அந்தப் பட்டியலில்தான் வைத்திருக்கின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையத்துக்கு அது போனால், தண்ணீரும் கசடும் நீக்கி வடித்துத் திரும்பவும் எண்ணெயாக்க முடியும். புது எண்ணெய் வந்த டப்பாவிலேயே பழையதைச் சொட்டு சிந்தாமல் ஊற்றி மூடினேன். ஃபில்டரையும் ஓர் இரவு கவிழ்த்து வைத்து வடித்தேன். முதலில் கேட்ட பட்டறையில் வாங்க மறுத்துவிட்டார்கள். இரண்டாவது பட்டறையில் மூலையில் பீப்பாய் இருந்தது, மறுசுழற்சிக்கு எடுத்துப்போகிற வண்டி மாதம் ஒரு முறை வரும் என்றார்கள். அந்தப் பீப்பாயில் என் டப்பா கவிழ்ந்து காலியாகும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

பழைய எண்ணெயில் ஒரு சிறு புட்டி அளவு மட்டும் எடுத்து வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை ஆய்வகத்தில் ஸ்டோக்ஸ் முறைச் சோதனை: எண்ணெயில் எஃகு குண்டைப் போட்டு, அது இறங்கும் வேகத்திலிருந்து பாகுநிலையைக் கணக்கிடுவது. வழக்கமாக நாங்கள் பயன்படுத்துவது விளக்கெண்ணெய். என் தாத்தா மாட்டு வண்டியின் அச்சுக்கு மசகு போட, வைக்கோல் கரியைக் குழைத்ததும் அதே எண்ணெயில்தான். கேஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்தது என்று சொன்னபோது பிள்ளைகளுக்கு ஆச்சரியம். இந்த முறை விளக்கெண்ணெய்க் குடுவைக்குப் பக்கத்தில் புது எஞ்சின் எண்ணெயை ஊற்றி ஒரு குடுவை வைத்தேன். விளக்கெண்ணெயில் யோசித்து யோசித்து இறங்குகிற எஃகு குண்டு, புது எண்ணெயில் கண் மூடித் திறப்பதற்குள் அடியைத் தொட்டது. இவ்வளவு நீர்த்த எண்ணெயா எஞ்சினைத் தாங்குகிறது என்று அந்தப் பின்வரிசை மாணவி கேட்டாள். டவரின் மரக்கட்டையைப் பற்றிச் சொல்ல, இந்த முறை நேரம் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவதாக அந்தப் பழைய எண்ணெய்ப் புட்டி. பயன்படுத்திய எண்ணெய் தோலில் பட்டுக்கொண்டிருப்பது நல்லதில்லை என்பதால், குண்டை முன்பே உள்ளே போட்டு மூடியை இறுக்கியிருந்தேன். கடைசிக் கால் சுற்று இல்லாமல்தான். அவளிடம் கொடுத்துக் கவிழ்க்கச் சொன்னேன். கரிய எண்ணெயில் குண்டு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. நிறுத்துக் கடிகாரத்தைப் பிடித்திருந்தவன் எப்போது அழுத்துவது என்று விழித்தான். அவள் சட்டென்று புட்டியைக் காதோடு ஒட்டிக்கொண்டாள். வகுப்பு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தது. மூடியில் குண்டு தட்டிய சிறு ஓசை முன்வரிசைவரை கேட்டது.